"அண்ணை, பெட்டிக்குள்ள ஒண்டுமில்லை": வீட்டில் அடித்த தேன்பெட்டியில் பிழை கண்டுபிடிக்கும் வழி

சோளகம் (தென்மேல் பருவக்காற்று) அடிக்கத் தொடங்கியதும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். "அண்ணை, பெட்டிக்குள்ள ஒண்டுமில்லை." நேற்றுப் பின்னேரம் வரைக்கும் பறந்து திரிந்ததாம். விடியப் பார்த்தால் வெறும் வதை (தேனடை) தான் தொங்குதாம். அடுத்த வசனமும் எனக்குப் பாடம்: "ஏதோ வருத்தம் வந்திட்டுது போல, மருந்து ஒண்டும் இல்லையோ?"

யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்குள் நான் போய்ப் பார்த்த பெட்டிகளில் வருத்தம் வந்து அழிந்தவை மிகக் குறைவு. எறும்பு, பசி, வெயில், நாளுக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பார்க்கிற வீட்டுக்காரர். இந்த நாலும்தான் வழக்கமான காரணம். நாலில் ஒன்றுக்கும் கடையில் மருந்து விற்பதில்லை.

இது சலாகைப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு எழுதுவது. பொதிப்பெட்டிப் பலகையிலோ பழைய பலாப்பலகையிலோ அடித்த, உள்ளே சட்டம் இல்லாத, வதை தொங்குவதற்கு மேலே மரச் சலாகைகளை நெருக்கி அடுக்கி மூடிய பெட்டி. பூச்சி எங்கள் ஊர்ச் சின்னத் தேனீ, மரப்பொந்திலும் கிணற்றுக்கட்டு வெடிப்பிலும் கூடு வைக்கிற இந்தியத் தேனீ. காணொளிகளில் வருவது பெரும்பாலும் ஐரோப்பியத் தேனீ. அதன் அளவுகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கீழே வரும் பிழைகளில் இரண்டு மூன்று தானாக வந்து சேரும்.

மூடியில் கை வைக்க முதல்

பெட்டிக்குப் பக்கத்தில், பறக்கும் பாதையை மறிக்காமல், ஒரு கதிரையைப் போட்டுப் பத்து நிமிடம் இருங்கள். கேள்விகளில் பாதிக்கு வாசலே பதில் சொல்லும்.

காலில் மஞ்சள் உருண்டையோடு பூச்சிகள் உள்ளே போகின்றனவா? மகரந்தம் போகிறதென்றால் உள்ளே குஞ்சு வளர்கிறது. இராணி பெரும்பாலும் நலம். பெட்டிக் காலில் எறும்பு வரிசை உண்டா? நிலத்தில் செத்த பூச்சி உண்டா? பெட்டியின் பின்பக்கத்தை ஒரு விரல் உயரம் தூக்கிப் பாருங்கள். போன மாதத்தை விடப் பாரம் குறைந்திருந்தால் தேன் இறங்குகிறது. பிறகு பலகையில் காதை வைத்து மெதுவாக ஒரு தட்டு. ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீறலாக எழும்பி அடங்கினால் நல்லது. அடங்காமல் நீளமாக முனகிக்கொண்டிருந்தால் இராணியில் சந்தேகம் வையுங்கள்.

பின்னேரத்தில் வாசலுக்கு முன்னால் ஒரு திரள் பூச்சி பெட்டியைப் பார்த்தபடி ஆடி ஆடிப் பறந்து, கால் மணித்தியாலத்தில் அடங்கினால் அது பிழையே இல்லை. இளம் பூச்சிகள் வீட்டு அடையாளம் படிக்கின்றன. இதைப் பார்த்துக் கூட்டம் போகப்போகிறது என்று பயந்து வாசலை அடைத்து, உள்ளேயிருந்ததை அவித்துப்போட்ட ஆட்களும் உண்டு.

அறிகுறி 1: வெறும் பெட்டி வைத்து மாதங்களாகியும் பூச்சி வரவில்லை

முதலில் மணந்து பாருங்கள். புதுப் பலகை, பெயின்ற், கறையானுக்குப் பூசிய கழிவு ஒயில், இவற்றின் மணம் இருக்கும்வரை பூச்சி கிட்ட வராது. இரண்டு மூன்று கிழமை வெயிலிலும் மழையிலும் போட்டுவிட்டு, பழைய வதையை உருக்கிய மெழுகை உட்புறமும் சலாகைகளிலும் தேயுங்கள்.

அடுத்தது வெளிச்சக் கசிவு. ஐரோப்பியத் தேனீ பிசின் சேர்த்து வந்து இடுக்குகளை அடைக்கும். எங்கள் பூச்சி அந்த வேலை செய்யாது. அடைப்பது உங்கள் பொறுப்பு: களிமண்ணும் மாட்டுச்சாணமும் குழைத்துப் பூசினால் போதும்.

பிறகு அளவு. உள்ளே 15 முதல் 20 லீற்றர் கொள்ளளவு, அதாவது ஒரு பெரிய வாளி அளவு. ஆசையில் றங்குப்பெட்டி அளவுக்கு அடித்தவர்களின் பெட்டிக்குள் கரப்பானும் பல்லியும்தான் குடியிருக்கின்றன. பெட்டியைத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு பலகையை நிறுத்தி அறையைச் சிறிதாக்குங்கள்.

காலமும் உண்டு. ஐப்பசி மழையில் வைத்த பெட்டிக்கு யாரும் வரமாட்டார்கள். தை பிறந்து மரங்கள் பூக்கிற காலத்தில்தான் கூட்டங்கள் பிரியும். அந்த நேரம் பெட்டியோடு சேர்த்து மெழுகு தேய்த்த பழைய மண்முட்டி ஒன்றையும் மரநிழலில் கட்டி வைத்தால் வாய்ப்பு இரட்டிப்பு. இரண்டு வருடம் பார்த்தும் வரவில்லையென்றால் உங்கள் சுற்றுவட்டத்தில் பூச்சி குறைவு. அனுபவமுள்ள ஆளிடம் ஒரு கூட்டத்தை விலைக்கு வாங்குவதுதான் மிச்ச வழி.

அறிகுறி 2: பிடித்து வைத்த கூட்டம் மூன்று நாளில் எழும்பிவிட்டது

பிடித்தது எந்தப் பூச்சி? கொப்பில் வெளிவெளியாக, உள்ளங்கையளவு ஒற்றை வதையோடு தொங்கியதா? அது கொம்புத் தேனீ. உலகத்தில் எந்தப் பெட்டியிலும் அது இருக்காது. தண்ணீர்த் தாங்கியிலும் உயர்ந்த மரத்திலும் பாயளவு தொங்குவது பெருந்தேனீ. அதைப் பெட்டியில் வைக்க நினைப்பதே தவறு, கிட்டப் போவது அதைவிடத் தவறு. பொந்துக்குள் பல வதைகளை வரிசையாகக் கட்டியிருந்தால் மட்டுமே அது உங்கள் பூச்சி.

எத்தனை மணிக்குப் பெட்டிக்குள் விட்டீர்கள்? மதிய வெயிலில் விட்டால் அன்றைக்கே போகும். சூரியன் சாய்ந்த பிறகு விடுங்கள், பிறகு ஒரு கிழமைக்கு மூடியைத் தொடாதீர்கள். புகை காட்டும்போதும் கை அடக்கம் வேண்டும். பொச்சுமட்டையில் ஒரு சிறு கீற்றுப் புகை போதும். அளவுக்கு மிஞ்சினால் இந்தப் பூச்சி அடங்காது, ஓடும்.

போகாமல் நிற்க அதற்கு ஒரு பிடிப்பு வேண்டும். பழைய கூட்டிலிருந்து குஞ்சு உள்ள வதையொன்றை அறுத்து, வாழைநாரால் சலாகையில் கட்டித் தொங்கவிடுங்கள். குஞ்சை விட்டுப் போகப் பூச்சி சுலபத்தில் மனம்வைக்காது. இரண்டு மூன்று நாளில் வதையை ஒட்டிவிட்டு நாரை அதுவே கடித்து வெளியே தள்ளிவிடும். வாழைத்தோட்டம் நிறைந்த நீர்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கு நாருக்குப் பஞ்சமே இல்லை. மற்றவர்கள் நைலோன் நூல் பாவிக்காதீர்கள், பூச்சியின் கால் சிக்கும்.

இராணியே வராமல் விட்டிருக்கலாம். பிடித்த இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பிடி பூச்சி திரும்பக் குவிந்திருந்தால் இராணி அங்கேதான்.

இராணி வெளியேறாமல் வாசலில் தகரத் தடை போடுவது கடைசி வழி. வேலைக்காரப் பூச்சி நுழையும், பருத்த இராணி நுழையாது. ஆனால் ஐந்தாம் நாள் கழற்றிவிட வேண்டும். நான் ஒருமுறை மறந்துபோய் மூன்று கிழமை விட்டேன். உள்ளே இருந்தது புது இராணி. அது வெளியே பறந்து சேர்க்கைக்குப் போக வழியில்லாமல், பிறகு இட்ட முட்டையெல்லாம் ஆண் பூச்சியாகி, அந்தக் கூட்டம் என் கண்முன்னால் தேய்ந்து போனது.

ஆளைக் கூப்பிடும் இடம்: கிணற்றுக்குள், கூரை உச்சியில், மின்மானிப் பெட்டிக்குள் இருக்கும் கூட்டை நீங்கள் பிடிக்க வேண்டாம். கிணற்றுக்குக் கயிற்றில் இறங்கிப் பழகிய பூச்சிக்காரர் வேண்டும். மின்மானிக்கு மின்சார சபையாட்கள் வந்து மின்னைத் துண்டித்த பிறகே மற்றதெல்லாம்.

அறிகுறி 3: நிலைத்திருந்த கூட்டம் போய்விட்டது

இதுதான் நான் அதிகம் பார்த்தது. கவலையோடு பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். கழுவாதீர்கள். விட்டுப்போன வதைதான் சாட்சி. ஒவ்வொரு சலாகையாகத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள்.

3அ. வதை சுத்தம், தேனும் இல்லை, குஞ்சும் இல்லை

பசி. இது திடீரென்று நடந்ததுபோல் உங்களுக்குத்தான் தெரிகிறது. பூச்சி இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே முடிவெடுத்துவிட்டது. வரத்து நின்றதும் இராணி முட்டையை நிறுத்தும். கடைசிக் குஞ்சு வெளிவரும்வரை காத்திருந்து, மிச்சத் தேனையும் குடித்துவிட்டு ஒருநாள் முற்பகலில் மொத்தமாக எழும்பும். வாசலில் மகரந்தம் நின்ற நாளை நீங்கள் கவனித்திருந்தால் கையில் இரண்டு கிழமை இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் பசி இரண்டு தரம் வரும். மாம்பூ, பனம்பூ, வேப்பம்பூ எல்லாம் முடிந்து சோளகம் நிலத்தைக் காய்ச்சுகிற ஆடி, ஆவணி ஒன்று. பூ இருந்தாலும் பறக்கவிடாமல் மழை கொட்டுகிற ஐப்பசி, கார்த்திகை மற்றது. தென்மராட்சியில் தென்னங்காணிக்குள் இருக்கும் பெட்டிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. தென்னை வருடம் முழுக்கப் பாளை விரிக்கும்.

செலவில்லாத வழி, தேன் எடுக்கும்போது கையை இழுத்துப் பிடிப்பது. வேப்பம்பூ உதிர்ந்த பிறகு எடுக்கிற தேன் உங்களுடையதல்ல, அதன் ஆடிமாதச் சாப்பாடு. எடுத்துவிட்டீர்களென்றால் சீனிப்பாணி கொடுங்கள்: ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர், ஆறவைத்து, பொழுதுபட்ட பிறகு, ஒரு சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள்ளேயே பின்மூலையில். பூச்சி மூழ்காமல் நாலு ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிடுங்கள். வெளியில் ஒரு துளி சிந்தினாலும் எறும்புக்கு அழைப்பிதழ். கடைத் தேனை மட்டும் ஊட்டாதீர்கள். எந்தக் கூட்டின் நோய் எந்தப் போத்தலில் வருகிறதென்று தெரியாது.

3ஆ. குஞ்சும் தேனும் அப்படியே கிடக்கிறது

இது ஓடிப்போனது. ஏதோ ஒன்று துரத்தியிருக்கிறது. முதல் சந்தேகம் எறும்பு, அதிலும் இரவில் வந்த எறும்பு. அடிப்பலகையில் துண்டான எறும்புகளும் பூச்சிச் சிறகுகளும் கிடக்கும்.

பெட்டிக் கால்கள் நாலையும் மீன்பேணிக்குள் நிறுத்தித் தண்ணீரும் மேலே கொஞ்சம் கழிவு ஒயிலும் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்வது. செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். சோளகத்தில் தண்ணீர் வற்றும். சருகும் வைக்கோலும் பறந்து வந்து பேணியில் விழுந்து பாலமாகும். ஒரு புல் வளர்ந்து பலகையைத் தொடும். கிழமைக்கு ஒருதரம் குனிந்து பாருங்கள். பேணிக்குமேல் காலில் ஒரு தகர வட்டத்தைச் செருகிவிட்டால் பூச்சி விழுந்து சாகாது, சருகும் விழாது.

முசுறு எறும்பு வேறு கணக்கு. அது கீழால் வராது. மேலே உள்ள மாங்கொப்பிலிருந்து நேரே பெட்டிமேல் விழும். ஒரு தோட்டக்காரர் வீட்டில் நாலு பேணியும் நிறைய ஒயிலோடு பளபளவென்று இருந்தன, மூன்றாவது கூட்டமும் போயிருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவுதான் என் வைத்தியம். நிழலுக்கு மரம் வேண்டும், ஆனால் கொப்பு மூடியிலிருந்து ஒரு பாகமாவது (விரித்த இரு கை நீளம்) விலகியிருக்க வேண்டும். இடமில்லையென்றால் பெட்டியைக் கம்பியில் தூக்கிவிட்டுக் கம்பியில் கிறீஸ் துணி சுற்றுங்கள். காவலிருக்க வேண்டியது இரண்டு கம்பி மட்டும்.

எறும்புத் தடயம் இல்லையா? அன்றைக்கோ முதல்நாளோ திறந்தீர்களா? பெட்டியை இடம் மாற்றினீர்களா? குளவி வாசலில் காவல் நின்றதா? குளவிக்கு வாசலைக் கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய உயரமுள்ள நீளக் கீற்றாக மாற்றுங்கள், பூச்சி நுழையும், பெரிய குளவி நுழையாது. மிச்சத்தைப் பலமான கூட்டமென்றால் அதுவே பார்த்துக்கொள்ளும்: குளவியைச் சூழ்ந்து உருண்டையாகி உடற்சூட்டிலேயே கொன்றுவிடும். பலவீனமான கூட்டத்தால் முடியாது. அந்த நேரம் பழைய பட்மின்ரன் மட்டையோடு வாசலில் நிற்பது கேவலமில்லை, நான் நின்றிருக்கிறேன்.

3இ. வதை முழுக்க வெள்ளை நூல், கறுப்பு எச்சம், சுருண்ட புழு

மெழுகுப்பூச்சி என்ற அந்துப்பூச்சி. இது வந்ததால் கூட்டம் போனது என்று சொல்வார்கள். பெரும்பாலும் கூட்டம் மெலிந்ததால்தான் இது வந்தது. பூச்சி மூடிநிற்காத வதையில்தான் அந்த அந்துப்பூச்சி முட்டையிடும். எத்தனை வதையில் பூச்சி அடர்ந்து நிற்கிறதோ அத்தனையை மட்டும் விட்டு, கறுத்துப்போன பழைய வதைகளை வருடத்துக்கு ஒருதரம் அறுத்தெடுங்கள். அடிப்பலகையில் சேரும் மெழுகுத் தூளை மாதம் இருமுறை தட்டுங்கள். இந்தியத் தேனீக்குப் பழைய வதையைக் கடித்துக் கொட்டும் பழக்கம் உண்டு, தூள் சேர்ந்துகொண்டே இருக்கும். நூல் கட்டிய வதையைச் சேமிக்க நினைக்காதீர்கள், எரியுங்கள். சுத்தமான வதையென்றால் இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் வைத்து, பிறகு காற்றுப்புகாத பையில் கட்டிவைக்கலாம். வீட்டுக்காரியிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

3ஈ. ஒரு பிடி பூச்சி மட்டும் மிச்சம்

ஒரு வதையைப் பகலொளிக்குச் சரித்து அறைகளின் அடியைப் பாருங்கள். அறைக்கு ஒரு முட்டை, நடுவில் நிமிர்ந்து நின்றால் இராணி இருக்கிறது. பாணி கொடுத்து, அறையைச் சிறிதாக்கிக் காத்திருங்கள். ஓர் அறைக்குள் மூன்று நாலு முட்டை, சுவரிலும் ஒட்டியபடி இருந்தால் இராணி போய் வேலைக்காரப் பூச்சிகள் முட்டையிடுகின்றன. அவற்றிலிருந்து ஆண்பூச்சி மட்டுமே வரும். புதிதாகச் சேர்ந்த இளம் இராணியும் தொடக்கத்தில் இப்படித் தடுமாறும், ஆகவே ஐந்தாறு நாள் கழித்து ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். திருந்தவில்லையென்றால் வேறொரு நல்ல கூட்டத்திலிருந்து இளம் முட்டை உள்ள வதையொன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அந்த ஒரு பிடியைப் பலமான கூட்டத்தோடு சேர்க்க, பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: வாசலில் தாடிபோல் தொங்குகிறது; அல்லது வதை அறுந்து விழுந்தது

இரண்டும் ஒரே வெயிலின் இரண்டு முகம். கூட்டுக்குள் குஞ்சுக்கு 33 முதல் 36 பாகை செல்சியஸ் வேண்டும். மெழுகு 62 பாகைக்கு மேல்தான் உருகும், ஆனால் 40ஐத் தாண்டினாலே தளர்ந்துவிடும். தேன் பாரம் ஏறிய வதை, தகர மூடி, சித்திரை வெயில், மூன்றும் சேர்ந்தால் பின்னேரம் ‘பொத்’ என்று ஒரு சத்தம் கேட்கும்.

தாடி பின்னேரம் தொங்கி இரவில் உள்ளே போனால் சூடு மட்டும்தான். வாசலில் சில பூச்சிகள் தலையை வெளிப்பக்கம் வைத்து நின்று சிறகடித்துக் காற்றை உள்ளே தள்ளுவதைக் காண்பீர்கள். ஐரோப்பியத் தேனீ மறுபக்கம் திரும்பி நின்று உள்காற்றை வெளியே இழுக்கும். ஏன் இந்தப் பிடிவாதம் என்று என்னைக் கேட்காதீர்கள், பார்க்க அழகு.

மூடிமேல் நாலு செங்கல் வைத்து அதன்மேல் இரண்டு கிடுகு போடுங்கள். தகரத்துக்கும் கிடுகுக்கும் இடையில் காற்றோட வேண்டும். நேரே ஒட்டிப்போட்டால் பயன் பாதி. அகன்ற சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள், ஒருநாளும் வற்றவிடாதீர்கள். வற்றினால் பூச்சி அடுத்த வீட்டுக் கிணற்றடிக்குப் போய்க் குளிப்பவர்களோடு தகராறு பண்ணும். அந்த வழக்கு உங்களிடம்தான் வரும்.

தாடி காலையிலும் கலையவில்லையென்றால் ஒரு வதையை மட்டும் தூக்கிக் கீழ் விளிம்பைப் பாருங்கள். கச்சான் கோது போலக் கூம்பு அறைகள் தொங்கினால் கூட்டம் பிரியப் போகிறது. இன்னொரு பெட்டி கையில் இருந்தால் இது பிழையில்லை, வரவு.

விழுந்த வதையில் குஞ்சு இருந்தால் நிமிர்த்தி வாழைநாரால் கட்டுங்கள். தேன்வதையை உடனே வெளியே எடுத்து, சிந்தியதைத் துடையுங்கள். இருட்ட முதல் எறும்பு வந்துவிடும். வெயில் இல்லாத நாளில் வதை விழுந்தால் அது உங்கள் கை. சட்டமில்லாத வதையைப் புத்தகப் பக்கம்போல் பக்கவாட்டில் படுக்கவைக்கக் கூடாது. எப்போதும் சுவர்போல் நிமிர்ந்தே இருக்கட்டும், திருப்ப வேண்டுமென்றால் சலாகையைச் செங்குத்தாக்கிச் சுற்றுங்கள்.

அறிகுறி 5: வதைகள் குறுக்கும் மறுக்குமாக

சலாகையின் அகலத்தை அளந்து பாருங்கள். ஒன்றேகால் அங்குலம், 31, 32 மில்லிமீற்றர். காணொளியில் சொல்லும் 35 ஐரோப்பியத் தேனீக்கு. மூன்று மில்லிமீற்றர்தானே என்பார்கள். பத்தாவது சலாகையில் அது ஒரு முழு வதையின் அகலம் தள்ளிப்போகும். அகலம் சரியென்றால் பெட்டி மட்டமாக நிற்கிறதா என்று தண்ணீர்க் கிண்ணம் வைத்துப் பாருங்கள். வதை தூக்குக்குண்டு நூல்போல் நேர்கீழேதான் இறங்கும். இரண்டும் சரியென்றால் சலாகையின் நடுக்கோட்டில் மெழுகு தேய்க்க மறந்திருக்கிறீர்கள்.

முதல் இரண்டு வதையில் கண்டால் வெள்ளையாக, மென்மையாக இருக்கும்போதே விரலால் தள்ளி நேராக்கலாம். ஆறேழு வதை கோணலாகிவிட்டால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். பூச்சிக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை, உங்களுக்குத்தான் பார்க்க முடியாது. சலாகை பிழையென்றால் தச்சரிடம் புதிதாகச் சீவியெடுப்பதுதான் இதிலுள்ள ஒரே செலவு.

அறிகுறி 6: வாசலடியில் செத்த பூச்சிகள்

நாளுக்குப் பத்து இருபது என்றால் முதுமை, விட்டுவிடுங்கள். வீட்டு விறாந்தை மின்குமிழுக்கு நேரே வாசல் பார்த்தால் விளக்கடியிலும் சில கிடக்கும். வாசலைத் திருப்பாமல் குமிழை மறையுங்கள். கள்ளிறக்கும் காலத்தில் முட்டிகளுக்குள் விழுந்து சாவதும் உண்டு, அவை வாசலுக்கே வராது, கூட்டம் மெலிவது மட்டும் தெரியும்.

ஒரே நாளில் கைப்பிடி கைப்பிடியாக, நாக்கு வெளியே நீட்டியபடி, சில இன்னும் நடுங்கிச் சுழன்றுகொண்டிருந்தால் மருந்தடி. மிளகாய், வெங்காயம், கத்தரித் தோட்டங்களுக்கு நடுவே வாழ்கிறோம், இதில் யாரையும் வில்லனாக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. பக்கத்துத் தோட்டக்காரரிடம் நேரே போய், மருந்தைப் பொழுதுபடும் நேரம் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரம் பூச்சி வீட்டுக்குள். ஒரு சின்னப் போத்தல் தேனோடு போனால் பேச்சு இலகு. விடியப்புறம்தான் அடிப்பேன் என்றால் முதல்நாளே தகவல் தரச் சொல்லுங்கள். இருள் பிரிய முதல் பெட்டியை ஈரச்சாக்கால் போர்த்தி, நல்ல நிழலில், காற்றுப் போக வழிவிட்டு, அந்த முற்பகல் மட்டும் அடைத்துவைக்கலாம். வெயிலில் அடைத்தால் மருந்து செய்யாததை நீங்கள் செய்துமுடிப்பீர்கள்.

பூச்சிகள் வதை அறைக்குள் தலையைப் புதைத்தபடி செத்திருந்தால் அது பட்டினி. 3அ பார்க்கவும், இன்றைக்கே.

அறிகுறி 7: குஞ்சு மூடியில் ஓட்டை, அல்லது புழுக்கள் செத்திருக்கின்றன

மேடாக உயர்ந்த மூடியின் நடுவே ஊசித்துளை ஒன்று, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். இதற்காக மட்டும் என்னை மூன்று தரம் சாவகச்சேரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தியத் தேனீயின் ஆண்குஞ்சு மூடி அப்படித்தான் இருக்கும். மூடி திறந்து விழும்போது வாசலில் சின்னச் சின்னத் தொப்பிகள் கிடக்கும். தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

உண்மையான கெடுதி வேறு மாதிரி. அறைக்குள் புழு நீட்டி நிமிர்ந்து, தலை ஓடத்து அணியம்போல் மேலெழும்பிச் செத்திருக்கும். ஊசியால் தூக்கினால் தண்ணீர் நிரம்பிய பைபோல் முழுதாக வரும். இது தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரசு நோயின் அடையாளம். 1991இல் தென்னிந்தியாவில் பரவத் தொடங்கி, அங்கே இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது இதுதான். மருந்து கிடையாது. மஞ்சளித்துச் சுருண்ட புழு, புளித்த மணம், அல்லது செத்த புழுவைத் தீக்குச்சியால் தொட்டு இழுத்தால் நூலாக நீள்வது, இவை பற்றீரியா நோய்களின் அடையாளம்.

இங்கே கைவைத்தியம் நிறுத்தம். அந்தப் பெட்டி வதையை, கத்தியை, சிரட்டையை மற்றப் பெட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். படமெடுத்துக்கொண்டு உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரைப் பாருங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். தேனீக்கென்று திணைக்களத்தின் பிரிவு பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவவில் இருக்கிறது. அங்கே தொடர்பு எடுத்துத் தருவார்கள்.

அறிகுறி 8: சாதுவாக இருந்த பூச்சி இப்போது கொட்டுகிறது

நேரம், மணம், பசி, இந்த ஒழுங்கில் பாருங்கள். மழை மூடிய நாளில், மதியத்தில், சோளகம் வீசும்போது திறந்தால் எந்தப் பூச்சியும் கொட்டும். வியர்வை, வாசனைத் தைலம், வாழைப்பழம் சாப்பிட்ட வாய் வேண்டாம்; பூச்சியின் ஆபத்து மணத்தில் வாழைப்பழ வாசனைக்குரிய பொருளே இருக்கிறது. வரத்து நின்ற காலத்தில் வேறு கூட்டத்துப் பூச்சிகள் தேன் களவெடுக்க வந்தாலும் வாசலில் சண்டையும் கடுப்பும் இருக்கும். வாசலை இரண்டு பூச்சி அளவுக்குச் சுருக்குங்கள்.

கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டியெடுங்கள். சுண்ணாம்பு பூசுவதும் பூசாததும் உங்கள் விருப்பம். ஆனால் உதடு, கண் வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால், உடம்பெல்லாம் தடித்தால் ஒரு நிமிடமும் பார்க்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். ஒரு கொட்டு என்றாலும் சரி, பத்து வருடம் பூச்சி வளர்த்த ஆளென்றாலும் சரி.

அறிகுறி 9: எடுத்த தேன் புளிக்கிறது, நுரைக்கிறது

மூடாத அறையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள், அல்லது குஞ்சுவதையையும் சேர்த்துப் பிழிந்திருக்கிறீர்கள். வதையில் முக்கால்வாசி மெழுகு மூடியிருந்தால் மட்டும் அறுங்கள். மாரியில் எடுக்கவே வேண்டாம், அந்த ஈரக்காற்றில் மூடிய தேனும் தண்ணீர் பிடிக்கும். பிழியாமல் துணியில் வடியவிடுங்கள். உறைந்து மணல்போல் வந்தால் அது புளிப்பும் இல்லை, சீனி கலந்ததும் இல்லை. போத்தலை இளஞ்சுடுதண்ணீரில் நிறுத்தினால் இளகும். நுரைத்ததைத் திரும்பப் பூச்சிக்கு ஊற்றாதீர்கள். வயிற்றோட்டம் வரும், பிறகு அறிகுறி 6இலிருந்து தொடங்கவேண்டி வரும்.